முதுகுக்குப் பின்னால் விழுந்த கோல்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் குரலை நானே கேட்டேன். மதுரையை அடுத்த கப்பலூரில் எங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டர்ஃப் போட்டிருக்கிறார்கள். நாலு பக்கமும் வலை, கீழே பச்சை பிளாஸ்டிக் புல், மணிக்கணக்கில் வாடகை. கம்பெனிகளுக்குள் ஒரு கால்பந்துப் போட்டி. சூப்பர்வைசர் நீங்களே வரவில்லையென்றால் எப்படி என்று எங்கள் ஆட்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு கோல் போட்டார். மூலையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி அலறியது. "போட்டான்டா பாலா! போட்டான்டா பாலா!" பின்னாலேயே ஒரு பெருங்கூட்டத்தின் இரைச்சல். டீ என் பேண்டில் கொட்டியது. அந்த முதல் குரல் என்னுடையது. பாலா என் தம்பி.

சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நினைக்காதீர்கள். எரிச்சல்தான் வந்தது. சுற்றிலும் முப்பது பேராவது இருந்தார்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லார் கையிலும் போன். கத்துவதற்குப் பெட்டி இருக்கும்போது மனுசன் எதற்குத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அந்தப் பிளாஸ்டிக் புல் வெயிலில் காய்ந்தால் ஒரு வாடை வரும், சூடான ரப்பர் வாடை. எனக்கு அது பழகிய வாடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரப்பர் வாஷர் அடிக்கிற மெஷினில்தான் நின்றேன். பக்கத்தில் நிற்பவரிடம் ஸ்பேனர் கேட்பதென்றாலும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். வீட்டுக்கு வந்தும் அதே குரலில்தான் பேசுவேன். "ஏன்டா, நான் என்ன அங்கிட்டா இருக்கேன்? மெல்லப் பேசு" என்று அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அந்தத் தொண்டையால்தான் எனக்கு ஒரு பதவி கிடைத்தது.

அப்போது எங்கள் சமயநல்லூர் டீமுக்குத் தனி மைதானம் கிடையாது. கண்மாய் வற்றியதும் அதற்குள்ளேதான் ஆட்டம். வடக்குப் பக்க கோல் போஸ்டுக்குப் பின்னால் கண்மாய்க் கரை. அதுதான் எங்கள் கேலரி. ஆளாளுக்கு வந்து நின்று, ஆளாளுக்குக் கத்தி, பாதியில் சண்டை போட்டுக் கலைந்துகொண்டிருந்த கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் சலீம். டவுனில் ஜவுளிக்கடையில் வேலை. ஆட்டம் என்றால் பஸ் ஏறி வந்துவிடுவார். கால்பந்து பார்க்கவே ஊர் ஊராகப் போனவர். "கூட்டம்னா ஒரு கட்டு வேணும் மாப்ள. இல்லாட்டி அது சந்தைக்கடை" என்பார்.

நம்ம ஊரில் கட்டு என்றால் என்ன தெரியும்? ரசிகர் மன்றம்தான் தெரியும். முதல் கூட்டத்திலேயே தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர் என்று பதவி பிரித்தார்கள். நாற்பது பேரில் இருபத்தி மூன்று பேர் நிர்வாகிகள். சொன்னால் சிரிப்பீர்கள், கொள்கை பரப்புச் செயலாளர்கூட இருந்தார். என்ன கொள்கை என்று அவருக்கும் தெரியாது. 'கரைக்காரங்க' என்று பேர் வைத்துக்கொண்டோம். எல்லாருக்கும் நீலச் சட்டை. சலீம் மூன்றே சட்டம் போட்டார். பேனரில் எந்தத் தலைவர் படமும், எந்த நடிகர் படமும், எந்தச் சாதிக்கொடியும் வரக்கூடாது. எதிர் டீம்காரனின் அம்மா அக்காவை இழுக்கக்கூடாது. தோற்றாலும் கடைசி விசில் வரை யாரும் கரையை விட்டு இறங்கக்கூடாது. தெருவுக்கு ஒரு சாதிக் கொடிக்கம்பம் இருக்கிற ஊரில், எங்கள் தெரு ஆட்களும் அவர்கள் தெரு ஆட்களும் தோள்மேல் கைபோட்டு நின்ற ஒரே இடம் அந்தக் கரைதான். இதைக் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்கிறேனோ என்று சில நேரம் தோன்றும். இல்லை, நின்றோம்.

யாரும் கேட்காத பதவி ஒன்று மிச்சம் இருந்தது. குரல் கொடுப்பவன். "பெரிய ஊர்லல்லாம் ஒருத்தன் ஆட்டத்தப் பாக்கவே மாட்டான் மாப்ள. மைதானத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு கூட்டத்தப் பாத்து நிப்பான். அவன் கையத் தூக்குனா கூட்டம் கத்தும், எறக்குனா நிக்கும்" என்றார் சலீம். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கையில் ஒரு மெகாபோனைத் திணித்தார்கள். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

ஏனென்றால் எங்கள் டீமின் கோல் அடிக்கிற ஆளே என் தம்பி பாலாதான். ஏழு வருஷம் அவன் போட்ட கோல்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் முகங்கள். சலீமின் கண் முதலில் விரியும், கொள்கை பரப்புச் செயலாளர் வாயைப் பிளப்பார், பிறகு நாற்பது பேரும் என்மேல் விழுவார்கள். கோல் என்பது எனக்கு அவ்வளவுதான். கத்திக் கத்தி நெஞ்சு வலிக்க வீட்டுக்குப் போனால் அம்மா காத்திருப்பாள். பரவை மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. ஞாயிறும் உண்டு, அதனால் ஆட்டத்துக்கு வந்ததே இல்லை. பாலாவிடம் கேட்டால், "காலு பட்டுச்சு, போயிருச்சு" என்பான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அதனால் கேள்வி என் பக்கம் திரும்பும்.

"எப்படிடா போட்டான்?"

"நல்லாப் போட்டாம்மா."

"நல்லான்னா எப்படி? எந்தக் காலு?"

"நான் அங்கிட்டுப் பாக்கலம்மா."

"அப்புறம் என்ன எழவுக்குடா தொண்டை கிழியக் கத்திட்டு வார?"

கை கழுவப் போய்விடுவேன். அவள் கையில் எப்போதும் வெங்காய வாடை இருக்கும். இன்றைக்கும் வெங்காயம் உரிக்கிற இடத்தில் நின்றால் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

ஏழாவது வருஷம் ஃபைனலில் பரவை டீமோடு மோதினோம். அம்மாவின் மார்க்கெட் முழுக்க அவர்கள் ஆட்கள். ஒரு வாரமாகக் கேலி பேசி லந்து கொடுத்து அவளை அழவைக்காத குறை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்ட்டி கிடைத்தது, அதுவும் எங்கள் கரைப் பக்க கோலில். பாலா பந்தை வைக்கிறான் என்று சலீமின் முகம் சொன்னது. நான் கையைத் தூக்கியிருந்தேன், கரை அதிர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த ஆசை வந்து தொலைத்தது. ஒரே ஒரு கோல். ஒன்றையாவது என் கண்ணால் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லிவிடலாமே. கையை இறக்கினேன். திரும்பினேன்.

கரை கப்பென்று அடங்கிப்போனது. அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், கை இறங்கினால் நிறுத்த வேண்டும் என்று பழக்கியதே நாங்கள்தான். ஓடிவந்த பாலா நிமிர்ந்து பார்த்தான். ஏழு வருஷமாக என் முதுகைப் பார்த்தவன் என் முகத்தைப் பார்த்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போய்க் கரைமேல் மோதி என் காலடியில் வந்து நின்றது. அடுத்த நிமிஷமே பரவைக்காரர்கள் கோல் போட்டார்கள். அதை நன்றாகப் பார்த்தேன், ஒன்றும் குறையில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது பாலா ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

"ஏண்ணே திரும்புன?"

"நீ போடுறதப் பாக்கணும்னுடா. கத்தல் நின்னா உனக்கு என்ன?"

"நீங்க கத்துறது எனக்குக் கேக்கவே கேக்காதுண்ணே. நிப்பாட்டுனதுதான் கேட்டுச்சு."

இதற்கு என்ன சொல்வீர்கள்?  அடுத்த ஆண்டு முழங்கால் திருகி அவன் ஆட்டத்தை விட்டான். இப்போது பரவை மார்க்கெட்டில் லோடு வண்டி ஓட்டுகிறான்.

அந்தப் பெனால்ட்டிக்குப் பிறகு எனக்குக் கரையில் நிற்கவே கூச்சம். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதர் வந்தார். புதுச் சட்டை, டிரம், பஸ் எல்லாம் தருகிறேன், பேனரில் என் படம் ஒன்று இருக்கட்டும் என்றார். கூட்டம் போட்டோம். பாதிப் பேர், "படந்தான, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். சலீம் எழுந்து, "இன்னைக்கு ஒரு படம்னா நாளைக்கு அம்புட்டு தெருவும் ஆளுக்கொரு படத்தத் தூக்கிட்டு வரும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மாப்ள. நீ சொன்னாக் கேப்பாய்ங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு கண்மாய்க்குக் கேட்கிற தொண்டை, அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. டீமைத் தோற்கடித்தவன் பேசலாமா என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பேனரில் படம் ஏறியது. அடுத்த வாரமே எங்கள் தெரு ஆட்கள் வேறொரு படத்தோடு வந்தார்கள். கரையில் கல் பறந்தது. போலீஸ் வந்து ஆட்டத்தையே நிறுத்தியது. சலீம் நீலச் சட்டையைக் கழற்றி மடித்துக் கரையில் வைத்துவிட்டுப் போனவர்தான்.

போன ஞாயிறு டர்ஃபில் இதெல்லாம் ஞாபகம் வர, எழுந்து அந்த ஸ்பீக்கர் பெட்டிக்காரரிடம் போனேன்.

"தம்பி, இந்தச் சத்தம் எங்க கெடச்சது?"

"பழைய வீடியோண்ணே. யாரோ நம்ம மதுரக்காரய்ங்க போட்டு வச்சிருந்தாய்ங்க, அப்பவே எறக்குனது. செம கத்து, இல்ல?"

வீடியோ! சலீம் ஆட்டங்களைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் எங்கள் பேரில் இருந்த பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. அந்த நாளில் என்னிடம் பட்டன் போன்தான், ஒன்றையும் பார்த்ததில்லை. பாலா கோல் போடுவதை இந்த வயதிலாவது பார்த்துவிடலாம்.

"அந்த வீடியோவக் கொஞ்சம் காட்டுப்பா."

"அது இல்லண்ணே. சத்தத்த மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டு அழிச்சிட்டேன். போன்ல எடத்த அடைக்குதுல்ல?"

மானத்தை விட்டு சலீமுக்குப் போன் அடித்தேன். பழைய வீடியோ இருக்கிறதா என்று கேட்டேன். "அந்தப் பக்கத்த மூடிட்டேன் மாப்ள. சட்டையக் கழட்டுன அன்னைக்கே எங்கிட்ட இருந்ததயும் அழிச்சிட்டேன். வச்சு என்ன செய்ய?" என்றார். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. நல்லா இருக்கியா என்று மட்டும் கேட்டார்.

பெட்டிக்காரரிடம் அந்தச் சத்தத்தை வாங்கி நேரே சமயநல்லூர் போனேன். வழியில் கண்மாயைப் பார்த்தேன். கரையை வெட்டி ரோடு போட்டிருக்கிறார்கள், கோல் போஸ்ட் நின்ற இடத்தில் வேலிக்கருவை. வீட்டில் பாலா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போட்டுக் காட்டினேன்.

"எந்தக் கோலுடா இது?"

அவன் சோற்றில் கையை வைத்தபடி இரண்டு தடவை கேட்டான். "தெரியலண்ணே" என்றான். பிறகு, "அம்புட்டு பேரா கத்துனாங்க?" என்றான்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். காது கொஞ்சம் மந்தம் இப்போது. ஆனாலும் என் கத்தல் கேட்டிருக்கிறது. "பாலா போட்டதா அது? எப்படிடா போட்டான்?"

"எடது கால்லம்மா" என்றேன். "ரெண்டு பேரத் தாண்டி வந்து, கீழாப்புல மூலைல போட்டான். கோல்கீப்பர் அசையக்கூட இல்ல."

அம்மா முகம் மலர்ந்து அவனைப் பார்த்தாள். பாலா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். மறுத்துச் சொல்ல அவனுக்கும் அந்தக் கோல் ஞாபகம் இல்லை.