என் வாயும் அப்பாவின் மீசையும்

நான் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியதாக நினைவில்லை. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. விடியுமுன்னே எல்லைக்கு இந்தப் பக்கம் தம்போயில் இருந்த வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் புகையைத் தின்றுகொண்டு போவார், இருட்டிய பிறகு அதே புகையைத் தின்றுகொண்டு திரும்புவார். அம்மா பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்வார். வீட்டுக்கு வந்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் உட்காரவே மாட்டார். இந்த லட்சணத்தில்தான் என் வாயைச் சுற்றித் தடிப்பு வந்தது.

முதலில் கீழுதட்டுக்கு அடியில் சின்னச் சின்னப் பொரிகள். பிறகு உதட்டோரம், மூக்குக்குக் கீழே, தாடையில் என்று பரவிச் சிவந்து, செதில் விட்டு, வாயைத் திறந்தால் இழுத்து எரியும். மிளகாய்ச் சம்பல் தின்றுவிட்டு வாய் துடைக்காத பிள்ளை மாதிரி இருப்பேன். பள்ளியில் அப்போது கை கால் வாய் நோய் பரவிக்கொண்டிருந்தது. டீச்சர் என்னைப் பார்த்ததும் அலுவலகத்துக்கு வெளியே தனியாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

அம்மா சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பாதி நாள் விடுப்பில் வந்து என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டர் பார்த்துவிட்டு, இது ஒட்டிக்கொள்கிற நோயே இல்லை, ஏதோ ஒன்று தோலில் பட்டுப் பட்டு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது, அது எது என்று வீட்டில்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் வரும். வந்தால் பள்ளியிலிருந்து போன் வரும், அதுவும் பெரும்பாலும் திங்கட்கிழமையாகப் பார்த்து வரும். இன்னொரு தடவை இப்படி மெஷினை விட்டுவிட்டு ஓடினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். அம்மா அதை அப்பாவிடம் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. காரணம் கிடைக்காவிட்டால் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்பது மட்டும் எனக்கே புரிந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார் அம்மா. பற்பசை போனது, உப்பு வந்தது. இறால் நின்றது, கத்திரிக்காய் நின்றது, பிறகு மாம்பழம், கெரோப்போக் அப்பளம், நான் உயிராக நினைத்த மிளகாய் சாஸ். தண்ணீர்ப் போத்தலை மாற்றினார், சோப்பை மாற்றினார், தலையணை உறையை வெந்நீரில் போட்டு அவித்தார். நான் பென்சிலைக் கடிக்கிறேன் என்று பென்சில் முனையில் வேப்பெண்ணெய் தடவினார். எட்டுக்கால் பூச்சி வாய்மேல் ஓடியிருக்கும் என்று யாரோ சொல்ல, வேலை முடிந்து வந்து நாற்காலி மேல் ஏறிக் கூரை மூலையெல்லாம் துடைத்தார். வாய் அப்படியேதான் இருந்தது. எனக்கோ, இந்த வாயால் எல்லோருக்கும் தொல்லை என்று இருந்தது. அதை மூடிக்கொண்டே இருக்கப் பழகினேன்.

அப்புறம் பள்ளி விடுமுறை வந்தது. என்னைப் பெர்மாஸ் ஜெயாவில் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். பெரியம்மா அம்மாவின் அக்கா, பெரிய வீடு, வேலைக்குப் போகாதவர். அங்கே இறாலும் தின்றேன், மிளகாய் சாஸும் தின்றேன், பென்சிலையும் கடித்தேன். முகம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாகிவிட்டது. அம்மா கூட்டிப்போக வந்தபோது பெரியம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

“பாத்தியா லா, என் வீட்டுல ஒண்ணுமே இல்ல. உன் வீட்டுலதான் என்னமோ இருக்கு. வீடு வாசலக் கொஞ்சம் சுத்தமா வச்சிக்கலாம்ல.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கூரை மூலைவரை துடைத்தவரிடம் சுத்தம் பற்றிப் பேசினால் என்ன சொல்வது?

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மாலை என்றால் அப்பாவுக்கு ஒரு வேலை உண்டு. பின்கட்டில் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு பழைய மூடியில் கறுப்பு மாவைக் கரைத்து, தேய்ந்த டூத்பிரஷால் மீசைக்குப் பூசுவார். அப்பாவுக்குத் தலைமுடி கறுப்புதான், மீசைதான் முந்திக்கொண்டு நரைத்திருந்தது. கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாயிலும் தாடையிலும் மீசையால் தேய்ப்பார். குத்துதா, குத்துதா என்பார். நான் கத்துவேன். தினமும் வேலை விட்டு வந்ததும் இது உண்டு என்றாலும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாராளமாக நடக்கும். எங்களுக்குள் இருந்த கொஞ்சலெல்லாம் அவ்வளவுதான், மற்ற நேரம் அவர் தூங்குவார் அல்லது பாலத்தில் நிற்பார்.

மறுநாள் காலை என் வாய் பழையபடி சிவந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார். சாயங்காலம் அவர் வந்து ஹெல்மெட்டைக் கழற்றி என்னை நோக்கிக் குனிந்தபோது அம்மா குறுக்கே கையை நீட்டினார்.

“ஏங்க, இருங்க. இந்த வீட்டுல எல்லாத்தையும் மாத்திட்டேன். மாத்தாதது உங்க மீச ஒண்ணுதான்.”

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அப்பா என் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. வேலை விட்டு வந்தால் கதவோரமாக நின்று, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். என் முகம் அசிங்கமாக இருப்பதால் அப்பாவுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து நான் குளியலறையில் அழுதேன். வாரக் கடைசியில் தடிப்பு இல்லை. டாக்டரும் ஆமாம் என்றார். சாயம் பூசியவருக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். சாயத்தை விடுங்கள், வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அம்மா. அப்பா தலையாட்டவில்லை. பட்டறையில் புதிதாக வந்த மேனேஜர் வயதானவர்களைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்புகிறானாம். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற சமயம் வேறு.

“வெள்ளையோட போய் நின்னா, நீங்க ரெஸ்ட் எடுங்கன்னு அனுப்பிருவான்” என்றார்.

“அப்ப பிள்ளகிட்ட வராம இருந்துக்குவீங்களா?”

அடுத்த ஞாயிறு அப்பா குழாயடியில் வழக்கம்போல முக்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்து வந்தபோது மீசையே இல்லை. அம்மா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு, “உங்கப்பா உசுரோட இருக்காரு” என்றார். அப்பா, தெரியும் என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. பெற்றவர் போனால்தான் நம்மவர்கள் மீசையை எடுப்பார்கள் என்று அந்த வயதில் யார் எனக்குச் சொன்னார்கள்? புதிய மேலுதடு உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் குனிந்து முகத்தைத் தேய்த்தார், குத்தவேயில்லை, அதற்கும் சிரித்தேன்.

மறுநாள் வேலை விட்டு வரும்போது அப்பா ஒரு பெரிய பிஸ்கட் டின் கொண்டுவந்தார். நான் உடனே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். ஏது இது என்று அம்மா கேட்டார்.

“பசங்க. பாத்ததுமே, அப்பாவா, அண்ணேன்னு கேட்டாங்க. வீட்டுக்கு வரமுடியல, இதயாச்சும் கொண்டுபோங்கன்னு குடுத்தாங்க. மேனேஜரும் வந்து கையப் புடிச்சான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல.”

அம்மா எடுத்திருந்த பிஸ்கட்டை டின்னிலேயே திரும்ப வைத்தார். அம்மாவுக்குப் பிஸ்கட் பிடிக்கவில்லை போலும், நமக்கு லாபம் என்று நான் நினைத்தேன். அப்பாவுடைய அப்பாவைக் கேட்டுக் கொடுத்தார்கள் என்றால், குளுவாங்கில் சித்தப்பா வீட்டிலிருக்கும் தாத்தாவுக்கு அனுப்பிய பிஸ்கட் அது என்றும் புரிந்துகொண்டேன். அவருக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். மேலே செர்ரி வைத்தது முதலில் தீர்ந்தது, பிறகு எல்லாமே தீர்ந்தது.

அந்த வாரம் பெரியம்மா வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தங்கை தன்னிடம்கூடச் சொல்லாமல் துக்கத்தை மறைத்துவிட்டாளே என்று மனம் தாங்காமல் குளுவாங்குக்குப் போன் போட்டிருக்கிறார். தாத்தாவே எடுத்திருக்கிறார். பெரியம்மா பதறிப்போய், சும்மாதான் மாமா, சாப்பிட்டீங்களா என்று கேட்டுச் சமாளிக்கப் பார்த்து, கடைசியில் உளறிவிட்டார். ஊர் வாயை மூடலாம், பெரியம்மா வாயை மூட முடியாது.

கொஞ்ச நேரத்தில் தாத்தா அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், ஆனால் கையை நீட்டவில்லை. அதனால் போன் என்னிடம் வந்தது.

“ஏம்மா, உங்கப்பா ஏன் மீசைய எடுத்தாரு?” என்று கேட்டார் தாத்தா.

“என் வாயில தடிப்பு தாத்தா. அப்பா மீசச் சாயம் எனக்கு ஒத்துக்கல. அதுக்குத்தான்.”

“அப்படியா. பிள்ளைக்குன்னா சரி. அதுல தப்பில்ல.”

அவர் குரல் லேசாகிவிட்டது. அப்பாவும் நிமிர்ந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றியது, எனக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. “தாத்தா, பட்டறையில உங்களுக்குன்னு பிஸ்கட் குடுத்தாங்க. நான்தான் தின்னுட்டேன்” என்றேன்.

“எனக்கா? எனக்கு எதுக்கும்மா?”

“அப்பா மீச எடுத்ததப் பாத்துட்டுக் குடுத்தாங்க.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தாத்தாவுக்குக் கோபம் என்று பயந்துபோனேன். ஆனால் அவர் திட்டவில்லை.

“நல்லா இருந்திச்சாம்மா?” என்றார்.

“நல்லா இருந்திச்சு தாத்தா.”

“சரி. அப்பாகிட்ட குடு.”

அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, இல்லப்பா, இல்லப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார். தாத்தா திட்டாமல் விட்ட சந்தோஷத்தில் நான் அப்பா முன்னால் போய் நின்று முகத்தை நீட்டினேன். அவர் குனியவில்லை. மீசைதான் போய்விட்டதே, இன்னும் என்ன பயம் என்று காத்துக்கொண்டு நின்றேன்.