காது மடிக்காத அட்டை

கொடியிலிருந்து எடுத்து வந்த படுக்கை விரிப்பை மாஸ்டர் கூடத்தில் நின்று தனியாக மடித்துக்கொண்டிருந்தார். இரட்டைக் கட்டில் விரிப்பு. இரண்டு பேர் வேலை அது. ஒரு ஓரத்தை முகவாய்க்கட்டையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைகளை அகல விரித்து, மூலையோடு மூலையைச் சேர்த்து, விரலால் ஓரத்தை நீவிவிட்டார். பாதி, மறுபடி பாதி, அப்புறம் மூன்றாக. கடைசி மடிப்பைப் புறங்கையால் ஒரு தட்டு தட்டி மேசைமேல் வைத்தார்.

"லீவு நாள்லயாவது கையைச் சும்மா வெச்சிருக்கக் கூடாதா? விரிப்பு என்ன எழுந்து ஓடிடவா போகுது?" என்று அவர் மனைவி கேலி செய்வது வழக்கம். மூன்று மாதமாக அந்தக் கேலி இல்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவனும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் இருபத்தொன்பது வருடமாக அவருக்கு இதுதான் உத்தியோகம். சலவை முடிந்து வரும் விரிப்புகளைப் பிரித்துப் பார்த்து, கிழிசலும் கறையும் இருந்தால் ஒதுக்கி, மடித்து, பத்துப் பத்தாக அடுக்கி வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவருக்கென்று ஒரு முறை உண்டு. சாயங்காலம் மடித்த அடுக்கை அன்றைக்கே அனுப்ப மாட்டார். அலுத்துப்போன கண் பொய் சொல்லும் என்பார். மறுநாள் காலையில் வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு, எல்லாம் சரியென்றால் மேல் விரிப்பின் ஒரு மூலையை மட்டும் வெளியே மடித்துவிடுவார், நாய்க்குட்டியின் காது மாதிரி. காது இல்லாத அடுக்கு அந்த அறை வாசலைத் தாண்டாது. வார்டு நர்ஸுகளும் காது இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள்.

மகன் ஒன்பது வயதில் ஒரு விடுமுறை நாளில் அவரோடு துணி அறைக்கு வந்திருந்தான். அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில், உதவி செய்கிறோம் என்று நினைத்து, இருந்த அடுக்குக்கெல்லாம் காது மடித்து வைத்துவிட்டான். கிழிந்த விரிப்பு ஒன்று ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போய்விட்டது. தலைமை நர்ஸ் வந்து கத்திவிட்டுப் போனார். மாஸ்டர் அடிக்கவில்லை. திரும்பி வந்த பதினான்கு அடுக்கையும் பையனையே பிரிக்க வைத்து, கூடவே உட்கார்ந்து மடித்தார். "காதுன்னா நான் பார்த்துட்டேன்னு அர்த்தம்டா. பார்க்காம மடிச்சா அது பொய்." அவ்வளவுதான் சொன்னார். பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மடித்தான். அன்றிலிருந்து அவன் மடிக்கும் மூலையில் ஒரு நூல் பிசகாது.

எட்டாம் மாதத்தில் பிறந்து, எடையே இல்லாமல் இருந்ததால் வீட்டில் அவனுக்குப் பஞ்சு என்று பெயர். பெரிய துணிச்சல்காரன் ஒன்றும் இல்லை. பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுவான். அவன் பட்டாளத்தில் சேர்ந்ததே ஆச்சரியம். சேர்ந்த இரண்டாம் வருடம், விமானத்திலிருந்து குதிக்கிற பிரிவுக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"வானத்துல உனக்கு என்னடா வேலை?" என்று மாஸ்டர் கேட்டார்.

"குதிக்கிறது கொஞ்ச நேரம்தான்பா. முக்கால்வாசி வேலை தரையிலதான். குடையை மடிக்கணும்."

பாராசூட்டைக் குடை என்றுதான் வீட்டில் சொல்வார்கள். 'பையன் பட்டாளத்துல குடை மடிக்கிறான்' என்று மாஸ்டர் துணி அறையில் சொல்லப்போக, "அப்ப மழைக்காலத்துல நல்ல கிராக்கின்னு சொல்லுங்க" என்று ஆறு மாதம் ஓட்டினார்கள்.

முதல் தடவை குதித்தபோது வாந்தி எடுத்தான். இருநூறு தடவைக்கு மேல் குதித்த பிறகு, பட்டாள வேலை போதாதென்று, லீவு நாளில் குதிப்பதற்காகச் சொந்தமாக ஒரு குடையும் வாங்கிக்கொண்டான். வந்து பாருங்கள் என்று அப்பாவை மூன்று தடவை கூப்பிட்டான். மாஸ்டருக்கு நாற்காலிமேல் ஏறி பல்பு மாட்டினாலே தலை சுற்றும். முதல் தடவை முழங்கால் வலி, அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் ஆய்வு, மூன்றாவது தடவைக்குக் காரணமே சொல்லவில்லை. அம்மா போனாள். விமானம் மேலே போனதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டவள், பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டிய பிறகுதான் திறந்தாள். "நான் பார்த்ததெல்லாம், துணியை வாரிச் சுருட்டி இடுப்புல வெச்சுக்கிட்டு அவன் நடந்து வந்ததைத்தான். உங்களை மாதிரியே நடக்கிறான்" என்று வந்து சொன்னாள்.

அவன் வானத்தில் சாகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, முகாம் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றவன் அப்படியே சரிந்தான். பிறவியிலேயே இதயத்தில் ஏதோ கோளாறு, யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது என்றார்கள். இருபத்தாறு வயது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் தவறாமல், "குடை விரியலையா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க. சாப்பாட்டு வரிசையில நின்னான்" என்று மாஸ்டர் சொல்லிச் சொல்லி அலுத்தார். ஆஸ்பத்திரியின் விசாரணை மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பதில் சொல்கிற அவர் மனைவி, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவாள்.

அவன் சாமான்களோடு சேர்ந்து அந்தக் குடையும் வீட்டுக்கு வந்தது, முதுகுப்பைக்குள் மடித்து மூடியபடி. அவள் அதைத் துடைத்து அவன் அறை அலமாரிமேல் வைத்தாள். "யாரும் திறக்கக் கூடாது. அவன் கை கடைசியா பட்டது" என்றாள். மாஸ்டரும் தொடவில்லை.

இன்றைக்கு அவனுடைய கூட்டாளி வருவதாகச் சொல்லியிருந்தான். பெயர் குண்டு. அந்தப் பெயர் முதன்முதலில் இந்த வீட்டுக்குள் வந்தபோது ஒரு கலவரமே நடந்தது. "குண்டு பக்கத்துலதான்மா படுத்திருக்கேன், கவலைப்படாதே" என்று மகன் போனில் சொல்ல, "அடப்பாவி, எழுந்து ஓடுடா!" என்று அம்மா அலறினாள். இன்றைக்கு வந்து நின்ற ஆளைப் பார்த்தால் துடைப்பக்குச்சி மாதிரி இருந்தான். செருப்பை வாசலில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வைத்தான்.

"இதுதான் குண்டா?" என்றார் மாஸ்டர்.

"சேர்ந்தப்போ இருந்தேன்பா. ஓட விட்டே கரைச்சுட்டாங்க. பேரு மட்டும் கரையலை."

"அவனுக்கு அங்க என்ன பேரு வெச்சிருந்தீங்க?" டீயைக் கொடுத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"காது."

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"குடையை மடிச்சு மூடினதும் ஒரு அட்டையில தேதி போட்டுக் கையெழுத்து போடணும்மா. நாங்கல்லாம் கால் மணி நேரத்துல மடிச்சுட்டு நிப்போம். இவனுக்கு முக்கால் மணி நேரம். 'என்னடா, குழந்தையைத் தூங்க வைக்கிறியா'ன்னு கத்துவோம். அசைய மாட்டான். அந்த அட்டையோட மூலையை இப்படி மடிச்சு விடுவான். என்னடா இதுன்னா, எங்கப்பாவோட முத்திரைடாம்பான். அப்புறம் பேரே காதுன்னு ஆயிடுச்சு."

மாஸ்டர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருடத்தில் மகன் இதை அவரிடம் சொன்னதே இல்லை. சொல்கிற மாதிரி அவரும் உட்கார்ந்ததில்லை.

குண்டு டம்ளரை மேசைமேல் வைத்தான். "அம்மா, ஒண்ணு கேட்கத்தான் வந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க மைதானத்துல அவனுக்காக எல்லாரும் குதிக்கிறோம். அவன் குடையை நான் போட்டுக்கிட்டுக் குதிக்கட்டுமா?"

"அது முடியாது தம்பி."

"சரிம்மா."

"அவன் மடிச்சது அது. நீ குதிச்சா பிரிஞ்சு போயிடும்ல?"

"ஆமாம்மா. விரியத்தானே அவன் மடிச்சான்? என் முதுகுல அது ஒரு தடவை விரியட்டும்னு ஆசை. இல்லேன்னா வேண்டாம்மா, நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்தாள். பிறகு எழுந்துபோய், நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பையைத் தானே இறக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்து மேசைமேல், மடித்த விரிப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"எடுத்துக்கோ. நான் வர்றேன் பார்க்க. இந்தத் தடவை கண்ணை மூட மாட்டேன். நீங்களும் வர்றீங்க," என்றாள் கணவரிடம். "முழங்கால் வலி அது இதுன்னு சொன்னீங்கன்னா பாருங்க."

குண்டு பையைத் திருப்பி, சின்ன உறைக்குள்ளிருந்து ஓர் அட்டையை உருவினான். "பாருங்கப்பா, அவன் கையெழுத்து."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கினார். தேதி இருந்தது, வெள்ளிக்கிழமை, அவன் போனதற்கு முந்தின நாள். கையெழுத்து இருந்தது. நான்கு மூலையும் வழவழவென்று நேராக இருந்தன. கட்டைவிரலால் ஒவ்வொரு மூலையையும் தடவினார். மடித்து நிமிர்த்திய தடமும் இல்லை.

"தம்பி, அவன் எப்ப காது மடிப்பான்? கையெழுத்து போட்ட உடனேயா?"

குண்டு யோசித்தான். "இல்லப்பா. மறுநாள் காலையில. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை வந்து பார்த்துட்டு..."

"இதைப் போட்டுக்கிட்டு நீ குதிக்கக் கூடாது" என்றார் மாஸ்டர்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் அவள்.

"காது இல்லை. அவன் பார்த்து முடிக்கலை. பிரிச்சுப் பார்த்துட்டு மறுபடி மடிக்கணும்."

"பிரிக்கிறதா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இவ்வளவு நாள் கழிச்சு இப்பத்தான் கையை விட்டுக் கொடுத்தேன். அது மேல விரியட்டும்னுதான் கொடுத்தேன். கூடத்துல கிடந்து பிரியறதுக்கு இல்லை. என் பிள்ளை மடிச்சது விரியாதுங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"வேற என்ன சொல்றீங்க?"

குண்டு நடுவில் வந்தான். "அப்பா, ரெண்டாந்தடவை பார்க்கிறது பெரும்பாலும் வெளியிலதான். பின், மூடுற கயிறு, கைப்பிடி. அதை நான் பார்த்துக்கறேன். இது விரியலேன்னாலும் உள்ளே அவசரக் குடை ஒண்ணு இருக்கு. அதை மடிக்கிறது வேற ஆளு."

"காலையில எதைப் பார்க்கலாம்னு அவன் விட்டுவெச்சான்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

குண்டு பையின் மடலை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எனக்கும் தெரியாது. உனக்கும் ஒரு அம்மா இருக்காங்க" என்றார் மாஸ்டர். அட்டையை மேசைமேல் வைத்தார். "அவன் பார்த்திருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்."

குண்டு அட்டையை எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு உறைக்குள் செருகினான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்: "பிரிச்சுடலாம்பா."

மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். குண்டு பையைத் தரையில் இறக்கி, மண்டியிட்டுப் பின்னை உருவினான். மடல்கள் நான்கும் ஒவ்வொன்றாகத் திறந்தன. "பின் சரி. மூடுற கயிறு சரி." உள்பையை வெளியே எடுத்தான். ரப்பர் வளையங்களில் கயிறுகள் வரிசை வரிசையாக, ஒரே அளவுக் கொக்கியாக வளைந்து நின்றன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தான். "ரப்பர் சரி. கயிறு சரி." மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து, அவன் கொடுத்த முனையைப் பிடித்துக்கொண்டார். துணி வெளியே வந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாக, தண்ணீர் மாதிரி வழுக்குகிற துணி. ஆஸ்பத்திரி விரிப்புப் போல அது படிந்து நிற்காது. கையை எடுத்தால் நழுவும். இதைப் போய் மூலையோடு மூலை வைத்திருக்கிறான். ஒவ்வொரு மடிப்பாகப் பிரியப் பிரிய, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று கோடு போட்டதுபோல் இருந்ததை மாஸ்டர் பார்த்தார். அடுத்த மடிப்பில் இருக்கும், அடுத்ததில் இருக்கும் என்று தேடினார். குறை இருக்கக் கூடாது என்று தேடுகிறாரா, இருக்க வேண்டும் என்றா, அவருக்கே தெரியவில்லை.

துணி நாற்காலிக் கால்களுக்கு அடியிலும், கதவு வரைக்கும் பரவிவிட்டது. இனி பிரிக்க ஒன்றும் இல்லை. குண்டு குதிகாலில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தான்.

மகன் அறை வாசலில் போய் நின்றிருந்தாள் அவள். "ஏதாவது தப்பு இருந்துச்சா தம்பி?"

"இல்லம்மா."

"ஒரு கயிறாவது முறுக்கிக்கிட்டு? ஒரு மடிப்பாவது கோணலா?"

"இல்லம்மா. நான் இப்படி ஒருநாளும் மடிச்சதில்லை."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அப்ப எதுக்குங்க பிரிச்சீங்க?"

மாஸ்டரின் கையில் துணியின் ஓரம் இருந்தது. பழக்கத்தில் விரல் அதை நீவிக்கொண்டிருந்தது. விசாரணை மேசையில் எதிரே நிற்கிறவர் பேசட்டும் என்று காத்திருக்கிற மாதிரி அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, துணிமேல் கால் படாமல், சுவரை ஒட்டி ஓரமாக நடந்து, மேசைமேலிருந்த டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.