மார்கழியில் குடிபோனோம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்காக அம்மா என்னைத் திட்டாத நாளில்லை. ஆனால் சிதம்பரத்தில் எங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தது அந்த வாய்தான். அதை எங்கே வேண்டுமானாலும் பெருமையாகச் சொல்வேன்.

நாங்கள் இரண்டு பேர், எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தோம். நான் கடலூரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். என் தோழி கடலூரை ஒட்டிய மீனவக் குப்பத்துக்காரி. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஹாஸ்டலில் இடம் கிடைக்காததால் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீட்டில் குடியிருந்தோம். வந்ததிலிருந்து வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை தண்ணீர் மோட்டாரைச் சொன்னார், இன்னொரு தடவை வீட்டு வரியைச் சொன்னார். அவருக்கா காரணத்துக்குப் பஞ்சம்!

தோழியின் அண்ணன் படகில் கூலிக்குப் போகிறவர். போன தடவை வாடகை ஏற்றியபோதே போனில் தீர்த்துச் சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி ஏத்துனா மூட்டையக் கட்டிக்கினு வந்துடு. படிச்ச வரைக்கும் போதும்." அவர் மேல் தப்பில்லை, அவரால் அதற்கு மேல் முடியவில்லை. தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்றால், எங்களுக்கு லேப் முடியவே இருட்டிவிடும்.

மார்கழி பிறந்தது. வீட்டுக்காரர் மாடியேறி வந்தார்.

"ஜனவரிலேர்ந்து ஆயிரத்து ஐநூறு ஜாஸ்தி. முடிஞ்சா இருங்க, முடியலன்னா காலி பண்ணிக்கங்க."

"திடீர்னு சொன்னா எப்படி அங்கிள்?"

"எங்கம்மா போவப்போறீங்க? மார்கழில யாரு வீடு மாத்துவாங்க?"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். மார்கழியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோவதில்லை. அது தெரிந்தே மனுஷன் நேரம் பார்த்து அடித்திருக்கிறார். தோழி பாயில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் யோசனையும் வந்தது. யாரும் போக மாட்டார்கள் என்றால் யாரும் வரவும் மாட்டார்கள்தானே? ஊரில் காலியாக இருக்கும் வீடெல்லாம் தை வரைக்கும் பூட்டித்தானே கிடக்கும்?

மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு அலைந்தேன். பக்கத்துத் தெருவிலேயே 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. கீழே தையல் கடை, அந்தக் கடைக்கார அக்காதான் சொந்தக்காரர்.

"தை பொறக்கட்டும் பாப்பா. இப்ப யாரு வருவாங்க?"

"நாங்க வர்றோம்க்கா. எங்களுக்கு மார்கழின்னா கிறிஸ்மஸ் மாசம்!"

அக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் விடுவேனா? "சும்மா பூட்டிக் கெடந்தா ஒங்களுக்குத்தான நட்டம்? இப்ப குடுக்கற வாடகையே குடுக்கறோம். ஆனா படிப்பு முடியற வரைக்கும் ஏத்தக் கூடாது."

"வாயாடி," என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இனி தோழியின் அம்மா பாக்கி. "மார்கழில குடி போறதா? நல்லாருக்குதா நீ பேசறது?" என்று போனில் கத்தினார். நான் போனைப் பிடுங்கினேன்.

"குடி போறது நாந்தாம்மா. இவ எங்க வீட்டுக்கு விருந்தாளியா வர்றா, அவ்ளோதான். தைல நீங்க வந்து பால் காய்ச்சுங்க, அப்பறம் இவ குடி வரட்டும்."

"விருந்தாளியாவா?" என்று இழுத்தார். பிறகு, "விருந்தாளின்னா தப்பில்ல," என்றார்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டபோது வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

"மார்கழிலயா?"

"ஆமா அங்கிள்."

"செரி, பழைய வாடகையே குடுங்க, இருங்க."

"வேணாம் அங்கிள். தைல நல்ல ஆளா வருவாங்க."

ஆருத்ரா தரிசனத்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே நான் ஸ்டவ்வையும் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் வாளி நிறையப் புத்தகத்தோடு என் விருந்தாளி வந்தாள். சாமியே எங்களுக்காகத்தான் தேரேறி வருகிறார் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு திமிர் அன்றைக்கு!

தை பிறந்ததும் அவள் அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். பால் பொங்கியபோது தோழி போட்ட கூச்சல் பழைய வீட்டு வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். அங்கே இன்னும் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரம் அடுக்கியிருந்த அவள் புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயும் ஏத்துவாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"படிப்பு முடியற வரைக்கும் ஏத்த மாட்டாங்கண்ணா."

பாலைக் குடித்து முடித்தார். தங்கையின் பக்கம் திரும்பினார்.

"அப்ப முடிச்சிட்டே வா."