வாசலில் தவழ்ந்தவர்

திருவொற்றியூரில் எங்கள் வாசலிலிருந்து சைக்கிள் திருடு போனபோது வீட்டுக் கண்காணிப்பு கேமரா கண்டுகொள்ளவே இல்லை. சாலையில் டிரெய்லர் லாரி போனால் மட்டும் அது என் போனில் ஓயாமல் அலாரம் அடிக்கும்.

சரிசெய்ய வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல தொப்பை, நரைத்த மீசை. கேமராவைச் சாலையிலிருந்து வாசல் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டுக்கு வெளியே போய், தரையில் தவழ்ந்து உள்ளே வந்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சோதிப்பாராம்.

"அண்ணே, இன்னா பண்றீங்க?" என்று பதறினாள் என் மனைவி.

"திருடன் நிமிந்துகினா வருவான், தங்கச்சி?"

போன் சத்தமே போடவில்லை. செட்டிங்கை மாற்றிவிட்டு மறுபடி தவழ்ந்தார். இம்முறை போன் அலறியது.

"மாட்டிக்கினேன்!" என்று எழுந்து குதித்தார். தெருவே சிரித்தது.

பிடிபட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.