ஆணி விழுங்கிய பிலா

குளத்தூர்ப் பக்கம் என் அத்தான் பொன்னப்பன் ஆசாரி அலமாரி செய்துகொடுக்காத கல்ஃப் வீடு இல்லை. துபாய்க்குப் போனவன் முதல் லீவில் ரேடியோவோடு வருவான், அடுத்த லீவில் வீடு கட்டுவான், அதற்கடுத்த லீவில் அத்தானைத் தேடி வருவான். ஊருக்கெல்லாம் செய்த மனிதருடைய வீட்டில் துணி வைக்க ஒரு தகரப் பெட்டி மட்டும்தான் உண்டு. என் அக்காள் சரசம்மா அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கேட்டுக் கேட்டு அத்தானும் அலுத்துப்போனார். நடு முதுகு வலிக்க வேலை முடித்து வருகிறவர், சோற்றுக்கு முன்னாலேயே தூங்கிவிடுவார்.

அவர்களுடைய ஒரே மகள் விலாசினியைத் திருப்புறத்துச் சதானந்தனுக்குப் பேசி முடித்தார்கள். அவனும் துபாய்க்காரன். லீவு தீர்வதற்குள் எல்லாம் நடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் கழிந்து பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு அடுக்களை காணப் போவது வழக்கம். பாத்திரம், பலகாரம், அலமாரி எல்லாம் அன்றைக்குத்தான் போகும். அந்த வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் அம்மா சரோஜம், ஆசாரி வீட்டுச் சம்பந்தம் ஆனபடியால் அலமாரிக்கு ஒரு குறையும் இருக்காது என்று கல்யாணப் பந்தலிலேயே நாலு பேர் கேட்கச் சொல்லி வைத்துவிட்டாள். அந்த அலமாரி சரியாக அமையாவிட்டால் எங்கள் பிள்ளை அந்த வீட்டில் காலமெல்லாம் பேச்சுக் கேட்க வேண்டியதுதான்.

அத்தான் அதற்கு எப்போதோ மரம் பார்த்து வைத்திருந்தார். அவருடைய பத்து சென்டில் நின்ற பலா, எங்கள் பேச்சில் பிலா. முன்பு அந்த மண்ணும் மரமும் ஜன்மி என்ற நிலக்கிழாருக்குச் சொந்தம். அத்தான் அதில் குடிசை போட்டுக்கொண்ட வெறும் குடிகிடப்புக்காரர். பலாச்சக்கை பழுத்தால் வாசனையை மட்டும் இவர்கள் வைத்துக்கொள்ளலாம். அப்போது வீட்டு வாசலுக்கு ஓலைத் தட்டிதான். ஜன்மியின் காரியஸ்தன் குரல்கூடக் கொடுக்காமல் குடைக்கம்பால் தட்டியைத் தள்ளி, உள்ளே தலையை நீட்டிப் பேசுவான். அக்காள் பல தடவை சேலையைச் சரிசெய்ய நேரமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறாள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது.

பிறகு குடியிருப்பவனுக்கே மண் என்று சட்டம் வந்தது, பத்து சென்டும் கைக்கு வந்தது. பட்டயம் கிடைத்த வாரமே அத்தான் வாசலுக்கு நல்ல பிலாப் பலகையில் ஒரு கதவு போட்டார். உள்ளே தாழ் வைத்தார். அன்றைக்கு அக்காள் பட்டப்பகலில் தாழைப் போட்டுக்கொண்டு, வேலை ஒன்றுமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

பிலாவை முந்தின வருஷமே வெட்டி மில்லுக்குக் கொண்டுபோனோம். நானும் கூட இருந்தேன். மில்லுக்காரர் மரத்தில் ஆணி எதுவும் உண்டா என்று கேட்டார். எல்லா மில்லிலும் கேட்கிறதுதான், ஆணியில் பட்டால் வாள் போய்விடும். அத்தானுக்கு அன்றைக்குக் கொஞ்சம் கெத்து.

"எனக்க பறம்புல நிண்ண மரமாக்கும். எனக்குத் தெரியாதா? ஆணியொண்ணும் இல்ல."

வாளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பலகையை அடுக்கிக் காயவைத்தார். கல்யாணம் முடிந்த கையோடு மரச்சட்டம் கூட்டி, ஆள் உயரத்துக்கு மேல் அலமாரியை நிறுத்தினார். ஒரு கதவைப் பொருத்தியாயிற்று. அடுக்களை காணலுக்கு இரண்டு நாள் முன்பு, அடுத்த கதவுக்குக் கடைசியாக இழைப்புளி ஓட்டும்போது கிறீச்சென்று ஒரு சத்தம். இழைப்புளியின் வாய் போய்விட்டது. பலகைக்குள் கறுப்பாக ஒரு பொட்டு.

ஆணிதான். துருப்பிடித்து மரத்தைக் கவ்விக்கொண்டு கிடந்தது. நான் அத்தானிடம் மெதுவாக எடுக்கச் சொன்னேன். அவரும் மெதுவாகத்தான் உளியை வைத்துத் தட்டினார். பலகை மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகப் பிளந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மில்லில் அத்தனை கெத்தாகப் பேசினீரே என்று வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். அத்தான் மரச்சீவல் குவியலிலேயே உட்கார்ந்து, ஆணியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஜன்மி தன் மரங்களுக்கெல்லாம் நம்பர் போட்டுத் தகரத்துண்டு அடித்த காலம் ஒன்று உண்டு. இந்தப் பிலா அப்போது தொடைப் பருமன்தான் இருந்ததாம். தகரம் எங்கோ விழுந்துபோயிற்று. ஆணியை மரம் விழுங்கி மூடிக்கொண்டது.

"எவன் அடிச்சான்?" என்றேன்.

"நான்தான். சுத்தியல் உள்ளவன் நான்தானே. எலே, ஒரு மரத்திலயா அடிச்சேன்? எல்லாத்திலயும் அடிச்சேன். நம்ம மரம்னு ஆனப்போ அதெல்லாம் மறந்துபோச்சு."

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பாறசாலை, ஆரியங்கோடு என்று அலைந்தேன். எங்கும் பச்சை மரம்தான் கிடைத்தது. அதில் கதவு போட்டால் ஒரு மாதத்தில் வளைந்து சிரிக்கும். வெறுங்கையோடு திரும்பியபோது அக்காள் வாசல் கதவில் கைவைத்தபடி நின்றாள்.

"இது காஞ்ச பிலாதானே?" என்றாள்.

அத்தான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைத் தொடக்கூடாது என்றார். அவள் விடவில்லை. இப்போது எந்தக் காரியஸ்தன் வருகிறான், கதவு பிறகு செய்துகொள்ளலாம், பிள்ளையை அந்த வீட்டில் நாலு பேர் பேசக்கூடாது என்றாள். சொல்லும்போதே அழுதாள். கடைசியில் அத்தான் எழுந்து கீலைக் கழற்றினார். அத்தனை மெதுவாக ஒரு வேலையை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

கதவை அளவுக்கு அறுத்து இழைத்தார். தாழ் இருந்த துளையில் கட்டை வைத்து அடைத்தார். பழைய பலகை கறுத்திருந்ததால், முதலில் பொருத்திய புதுக் கதவிலும் சுண்ணாம்புத் தண்ணீர் தடவிக் கறுக்கவைத்து இரண்டையும் ஒரே நிறமாக்கினார். வாசலில் அக்காள் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டாள்.

திருப்புறத்தில் சரோஜம் அலமாரியைத் திறந்தாள், மூடினாள், தட்டினாள், குனிந்துகூடப் பார்த்தாள். பிறகு வந்திருந்த பெண்களிடம், நான் சொன்னேனில்லையா என்றாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். அந்தப் பாராட்டு அவர் காதில் விழவேயில்லை.

விலாசினி சேலைகளை அடுக்கி முடித்து அலமாரியைச் சாத்தினாள். கை அந்த அடைத்த துளைமேல் பட்டு நின்றது. பிறந்த வீட்டில் தினமும் அவள்தான் தாழ் போடுவாள். அடுக்களைக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். நானும் அங்கே தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன்.

"அம்மா, அங்க ராத்திரி எப்பிடி உறங்குவிய?"

"ஒனக்க அப்பன் உண்டில்லியா மக்கா," என்றாள் அக்காள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். புதுக் கதவுக்கு எப்போது மரம் பார்க்கலாம் என்று அத்தானிடம் கேட்டேன். பாப்போம், முதலில் முதுகைச் சாய்க்கட்டும் என்றார். பாயை எடுத்து உள்ளே விரிப்பார் என்று நினைத்தேன். அவர் சேலையைச் சுருட்டி மேலே செருகிவிட்டு, கதவு இருந்த வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.