வெட்டாம விடுத ரெண்டு விரக்கடை

மரத்த வெட்டுதது லேசு; வெட்டச் சொன்னவுகளச் சமாளிக்கதுதான் வேலை. கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல பதினெட்டு வருசமா மரம் சாய்க்குதேன். விழ வேண்டிய பக்கம் வாய் மாதிரி ஒரு வெட்டு. பெறவு பின்பக்கமிருந்து ரம்ப மிஷினால அறுத்துக்கிட்டே வந்து, நடுவுல ரெண்டு விரக்கடை அறுக்காம விட்டுரணும். கதவுக்குக் கீல் மாதிரி அது மரத்தப் பிடிச்சுக்கிட்டே நாம சொன்ன பக்கம் சாய்க்கும். அதையும் அறுத்தா, மரம் அது இஷ்டத்துக்குப் போகும். கயிறு பிடிக்கது என் மச்சான் கருப்பசாமி. மரம் தப்பிச்சா அடி அவனுக்குத்தான். இதச் சொல்லிச் சொல்லித் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. கொத்தனாரே, எலக்ட்ரீசியனே, உங்க பாடும் இதுதான?

பிச்சு எடுத்த கட்டை

கடம்பூர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டு வாகை. ஒரு பக்கம் ஓட்டு வீடு, மறுபக்கம் கரண்டு கம்பி. ரெண்டுக்கும் நடுவுல அலுங்காமப் படுக்க வச்சோம். ஒரு ஓடு உடையல. நல்ல வார்த்தை சொல்லுவாரோன்னு நின்னேன். அவரு நேரா அடிக்கட்டைக்குப் போயி, கீல் பிஞ்ச எடத்துல ஊசி ஊசியா நீட்டிக்கிட்டிருந்த சிலாம்பத் தடவிப் பாத்தாரு.

"முழுசா அறுக்காமப் பிச்சுல்லா எடுத்திருக்கீய! மிஷின்ல பல்லு இல்லையா?"

ஆடு வந்த வழி

நாகலாபுரம் பக்கம் ஒரு காட்டுல உடைமரம். மிஷின் சத்தம் கேட்டா போதும், தழை கிடைக்கும்னு கிடை ஆடு மொத்தமும் வந்துரும். பாதி அறுத்தாச்சு, மரம் முனங்குது. விழுத பக்கம் முப்பது ஆடு! "ஏலே, ஆட்டப் பத்துலே!"ன்னு மச்சான் கத்துதான். ஆடு மேய்க்க கீதாரி கம்ப ஊணிக்கிட்டு நிதானமாச் சொல்லுதாரு:

"தழையக் கண்ட ஆடு நிக்குமாய்யா? நீங்க மரத்தக் கொஞ்சம் நிப்பாட்டி வையிங்க."

பத்தரைக்கு முன்னாடி

கோவில்பட்டியில புது வீடு கட்டுத ஒருத்தர் எடத்துல வேம்பு. வெள்ளிக்கிழமை. சூடம் கொளுத்திக் கும்பிட்டு வேலையத் தொடங்கவே ஒம்பதரை ஆயிட்டு. பத்தரைக்கு ராகுகாலம். கீல் விட்டு அறுத்தாச்சு. இனி ஆப்பு வச்சு மெதுவா அடிக்கணும். வீட்டுக்காரரு செல்போனக் கண்ணுக்கு நேரா நீட்டுதாரு. "இன்னும் ஏழு நிமிசம்... இன்னும் ஆறு... அந்தக் கொஞ்சத்தையும் அறுத்தா என்னவே?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. "இந்தா, அறுத்துத் தொலைக்கேன்!"னு மிஷின உள்ள விட்டுட்டேன். சண்டாளன் நான்! மரம் அப்படியே திருகி, ஓரமா கயிறு பிடிச்சு நின்ன மச்சான் பக்கம் சாஞ்சிட்டு. வலது முழங்காலுக்குக் கீழ ரெண்டு எடத்துல எலும்பு முறிவு. கம்பி வச்சிருக்கு. இனி கயிறு பிடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மறுநாள் வீட்டுக்காரரு ஆப்பிள் வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. மச்சான் கட்டில்கிட்ட உக்காந்து ஆறுதல் சொன்னாரு:

"கவலப்படாதீய. மரம் பத்து இருபத்தஞ்சுக்கே விழுந்துட்டு. நல்ல நேரத்துலதான் அடி பட்டிருக்கு."

அவர நாலு கேள்வி கேக்கலாம்னு எந்திரிச்சேன்; மிஷின் இருந்தது என் கையிலங்கது நெனப்பு வரவும், ஆப்பிள வாங்கி வச்சேன்.