ஊருக்கே சொன்ன நட்சத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. போடியில் அண்ணன் வீட்டில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் பைக் சத்தம். ராசிங்காபுரத்துச் சம்பந்தி உள்ளே வந்தார்.

அண்ணன் மகள் திவ்யாவுக்குப் பூ வைத்து இருபது நாள்தான் ஆகிறது. ஆவணியில் கல்யாணம். மனிதர் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை. செல்போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ன சம்பந்தி இது? எங்ககிட்டப் பூவையும் வாங்கி வச்சுக்கிட்டு, இங்குட்டு வேற மாப்ளே தேடுறீகளோ?"

எட்டிப் பார்த்தேன். பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு வரன் பார்க்கும் வெப்சைட். அதில் திவ்யா! குரங்கணி ஏலத்தோட்டத்தில் எடுத்த போட்டோ. பெயர், எம்.காம்., ஊர் போடி, விருச்சிக ராசி, அனுஷ நட்சத்திரம். கீழே — 'நல்ல வரன் தேவை'.

அண்ணன் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறவர். அதிர்ந்துகூடப் பேசத் தெரியாது. "சத்தியமா நாங்க போடல சம்பந்தி" என்றார்.

"நீங்க போடாம வேற யாரு? போட்டோவ எவனும் சுட்டுருவான், ஒத்துக்கிறேன். பிள்ளையோட நட்சத்திரம் எவனுக்குத் தெரியும்?"

நியாயமான கேள்விதானே? அடுப்படி வாசலில் நின்ற திவ்யாவின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த இட்லி தட்டிலேயே விழுந்தது.

நான்தான்!

இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் பேங்க் பரீட்சை எழுதினாள். நான் ஃபேஸ்புக்கில் போட்டோவோடு ஒரு பதிவு போட்டேன். 'எங்கள் வீட்டு ஏலக்காய் திவ்யா, எம்.காம்., நாளை தேர்வு எழுதுகிறாள். கோயிலுக்குப் போகிறவர்கள் அவள் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்யுங்கள்.' ராசி, நட்சத்திரம் இல்லாமல் அர்ச்சனையா? அதையும் ஊரையும் சேர்த்தேன். எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். அர்ச்சனை எத்தனை நடந்ததோ... லைக் குவிந்தது!

அந்தப் பதிவைத் தேடி எடுத்துச் சம்பந்தியிடம் கொடுத்தேன். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே போட்டோ, அதே விவரம். 'எங்கள் வீட்டு ஏலக்காய்' கூட அப்படியே! எந்த மனிதனும் உட்கார்ந்து இதைப் படித்திருக்க மாட்டான். ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கண்ணில் பட்டதையெல்லாம் வழித்துக்கொண்டு போய், 'நல்ல வரன் தேவை' என்று அதுவே ஒட்டியிருக்கிறது.

"அடக் கொடுமையே! சாமிக்குச் சொன்னதக்கூடவா திருடுவாய்ங்க?" என்றபடி சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அண்ணனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அவசரமாக என் பதிவை நீக்கினேன். என்ன பிரயோசனம்? வெப்சைட்டில் திவ்யா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். எடுக்கச் சொல்லி எழுதினேன். உடனே பதில் — 'பெண்ணின் ஆதார் அட்டை, இரு பக்கமும் அனுப்பவும்.' எப்படி இருக்கிறது கதை? அவளைப் பற்றிய தகவலைத் திரும்பக் கேட்டால், அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் தகவல் கொடுக்க வேண்டுமாம்!

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஒரு பிள்ளையோட போட்டோவ, கேட்காம கொள்ளாம எடுத்துட்டுப் போறானே... இவனெல்லாம் மனுசனா?" என்று கத்தினேன்.

திவ்யா காபி டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"சித்தப்பா... நீங்க மட்டும் என்னையக் கேட்டா போட்டீக?"

காபியில் சர்க்கரை இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.